பனிமலையில் போகி: லயத்து வீடுகளின் சுண்ணாம்பு வரலாறு



மார்கழி பிறந்துவிட்டால் திரிங்காப்பில் காலை எட்டு மணிக்குக்கூட மூடுபனி முழுதாக விலகுவதில்லை. கேமரன் மலையில் 1978ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள் 7.8 பாகை செல்சியசு வெப்பநிலை பதிவானது. நம் நாட்டில் பதிவானவற்றுள் மிகக் குறைந்த அளவாக அதனையே குறிப்பிடுவர். ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்த தமிழர், மார்கழியையும் தையையும் முன்பனிக்காலம் என்றனர். கீழ்நாட்டு ரப்பர்த் தோட்டங்களில் குடியேறிய நம் முன்னோருக்கு அது வெறும் ஏட்டுச் சொல்லாகிப் போனது. தேயிலை மலைக்கு ஏறியவர்களுக்கு மட்டும் அது உடலால் உணரும் உண்மையாகவே இருந்தது.

ஒருமுறை என் ஐந்தாம் ஆண்டு மாணவர்களிடம், “போகியன்று உங்கள் வீட்டில் என்ன செய்வீர்கள்?” என்று கேட்டேன். “போகி என்றால் என்ன டீச்சர்?” என்று திருப்பிக் கேட்டார்கள்! அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. பள்ளித் திடலில் பானை வைக்கிறோம், கோலப்போட்டி நடத்துகிறோம், உறியடிக்கிறோம். பொங்கலுக்கு முன் வீட்டை ஆயத்தம் செய்யும் பகுதியை மட்டும் எப்படியோ விட்டுவிட்டோம். முந்திய தலைமுறைகளுக்கோ பொங்கல் என்றாலே முதலில் நினைவுக்கு வருவது சுண்ணாம்பு வாடைதான்.

தாயகத்தில் இந்த ஆயத்தம் ஊருக்கு ஊர் வேறுபடும். வட தமிழகத்தில் விடியுமுன் பழைய பாய், துடைப்பம், கிழிந்த முறம் ஆகியவற்றைத் தெருவில் கொளுத்துவார்கள். சிறுவர்கள் மேளம் கொட்டுவார்கள். கொங்கு நாட்டில் தீயைவிடக் காப்புக் கட்டுதலே முதன்மை. வேப்பிலை, ஆவிரம்பூ, சிறுபீளைப்பூ மூன்றையும் சேர்த்துக் கூரை இறவாணத்தில் செருகுவர். எங்கும் பொதுவானவை, சுவருக்கு வெள்ளையடிப்பதும் வாசலில் காவிப் பட்டை தீட்டுவதும் ஆகும். அறுவடை முடிந்த நெல் வீட்டுக்குள் வரப்போகிறது. அதற்குமுன் வீடு தூய்மையாக இருக்கவேண்டும். காரணம் அவ்வளவே.

இந்த வழக்கம் நெல்லே விளையாத மலைக்கு எப்படி வந்தது? 1885இல் வில்லியம் கேமரன் இப்பகுதியை ஆய்வு செய்தபோதிலும், தாப்பாவிலிருந்து வரும் சாலை 1931இல்தான் முடிவுற்றது. அதற்குச் சற்று முன்பு, 1929இல், ஜே. ஏ. ரசல் என்பவர் போ தேயிலைத் தோட்டத்தை நிறுவினார். அவருக்குத் துணையாக வந்த ஏ. பி. மில்ன் இலங்கைத் தேயிலையில் தேர்ந்தவர். உலகப் பொருளாதார மந்தம் தொடங்கிய அதே ஆண்டு அது. கீழே ரப்பர் விலை சரிந்து, தமிழ்த் தொழிலாளர்கள் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்ட காலத்தில், மேலே காடழித்துத் தேயிலை நட வேறு தமிழர்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். இந்திய அரசு 1938இல் மலாயாவுக்கான உதவிபெற்ற தொழிலாளர் பயணத்தைத் தடை செய்தது. அதன் பிறகு புதிய வரவு குன்றியது. வந்தவர்களே ஊர் ஆனார்கள்.

தேயிலைக்கு அறுவடைத் திருநாள் கிடையாது. ஒரு செடியில் கொழுந்து பறித்தால் ஏறக்குறைய மூன்று வாரத்தில் மீண்டும் பறிக்கலாம். ஆண்டு முழுவதும் அறுவடைதான். பொங்கல் நம் நாட்டில் தேசியப் பொது விடுமுறையும் அன்று. எனவே பெரட்டுக்குப் போய், மலையில் நின்று, கூடையை நிறுத்துக் கொடுத்து வீடு திரும்பிய பிறகுதான் வெள்ளையடிக்கவேண்டும். கணக்குப் பார்த்தால் இவ்வழக்கம் முதல் பத்தாண்டிலேயே அழிந்திருக்கவேண்டும். அழியவில்லை.

இங்கே வீட்டைப் பற்றிச் சொல்லியாகவேண்டும். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பு, தோட்ட முதலாளி தம் தொழிலாளர்க்குக் குடியிருப்பு தரவேண்டும் என்று விதித்தது. அப்படி எழுந்தவையே லயங்கள். பலகைச் சுவர், தகரக் கூரை. இரண்டு வீட்டுக்கு நடுவே ஒரே தடுப்பு. இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் கேட்கும். வீடு தோட்டத்துக்குச் சொந்தம். வேலை உள்ளவரை கூரை உண்டு. வேலை நின்றால் கூரையும் போகும். 1966இலும் 1990இலும் தொழிலாளர் வீட்டு வசதிக்குக் குறைந்தபட்சத் தரத்தை வகுக்கும் சட்டங்கள் வந்தன. தண்ணீர், கழிப்பறை, அறை அளவு ஆகியவை மேம்பட்டன. ஓய்வு பெற்றால் வீட்டைக் காலி செய்யவேண்டும் என்ற நிலைமை மட்டும் தொடர்ந்தது.

தமக்கு உரிமையில்லாத சுவருக்குத் தம் கைக்காசில் ஆண்டுதோறும் வெள்ளையடித்தவர்களை நாம் என்னவென்று சொல்வது? ஏமாளிகள் என்று சிலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். நான் அப்படி எண்ணவில்லை. பத்திரத்தில் எழுத முடியாத உரிமையைச் சுவரில் எழுதினார்கள் என்றே எண்ணுகிறேன். எங்கள் லயத்தில் தீபாவளி உடம்புக்கு, பொங்கல் வீட்டுக்கு என்று ஒரு கணக்கு இருந்தது. புத்தாடையும் ஆட்டிறைச்சியும் தீபாவளிக்கு. சுண்ணாம்பும் புதுப்பானையும் பொங்கலுக்கு.

அந்தச் சுண்ணாம்பு வேலையை நான் நன்கு அறிவேன். ஈப்போவைச் சுற்றியுள்ள சுண்ணாம்புக் குன்றுகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சுட்ட கல்லை மண்ணெண்ணெய்த் தகரத்தில் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் புகைந்து கொதிக்கும். குழந்தைகள் அருகில் போகக்கூடாது, ஆனால் போவோம்! ஓரிரவு ஊறியபின் பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, சுவரில் ஒட்டுவதற்காக வடிகஞ்சியும் கொஞ்சம் உப்பும் சேர்ப்பார்கள். பழுப்பு தெரியாமலிருக்கத் துணிக்குப் போடும் நீலத்தை ஒரு சிட்டிகை கலப்பார் என் அம்மா. அளவு மிஞ்சினால் வீடு முழுவதும் வானநிறமாகிவிடும். அதற்கும் பக்கத்து வீட்டார் ஒரு வாரம் கேலி பேசுவார்கள். நசுக்கிய தேங்காய் மட்டைதான் தூரிகை. பாதி வீடு பூசி முடித்தால் முழங்கை வரை எரியும்.

இதில் அறிவியலும் உண்டு. விறகுப் புகையும் மலையின் ஈரமும் சேர்ந்தால் பலகைச் சுவரில் பூஞ்சை கறுத்துப் படரும். சுண்ணாம்பின் காரத்தன்மை பூஞ்சையையும் பூச்சியையும் தடுக்கிறது. பூசிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை ஈர்த்து மெல்ல மெல்லக் கல்லாக இறுகும். அதற்குத் தொடர்ந்து மழையில்லாத நாள்கள் வேண்டும். கேமரன் மலையில் அக்டோபர், நவம்பர் மாதங்களில் மழை கொட்டும், சனவரியில் குறையும். பொங்கலுக்கு முந்திய அந்த ஒன்றிரண்டு வாரங்களே வெள்ளையடிக்க ஏற்ற காலம். தாயகத்து நாள்காட்டி இம்மலையின் வானிலைக்கும் பொருந்திப்போனது நம் முன்னோர் நற்பேறு.

அதே மலையில் அதே குளிரில் வெள்ளையர்களும் தங்கள் வீடுகளை அலங்கரித்தார்கள். 1937இல் கட்டப்பட்ட ‘ஸ்மோக் ஹவுஸ்’ விடுதியை இன்றும் காணலாம். ஆங்கில நாட்டுப்புற வீட்டைப் போலவே அமைத்து, கணப்பு மூட்ட அடுப்பும் வைத்தார்கள். பிறந்த ஊரின் குளிர்காலத்தை அவர்கள் இங்கே தேடினார்கள். லயத்தில் நாம் தேடியதும் ஏறத்தாழ அதுவே. அவர்களுக்குக் கணப்பு, நமக்கு அடுப்படி. கிறிஸ்துவத் தமிழர் வீடுகளில் தாள் நட்சத்திரம் தொங்கும். அடுத்த வீட்டு வாசலில் மார்கழிக் கோலம் இருக்கும்.

ஜப்பானியர் ஆட்சிக்காலம் (1941-1945) இவ்வழக்கத்துக்கு நேர்ந்த முதல் இடி. தோட்டப்புற ஆண்கள் பலர் சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர், திரும்பாதவர் பல்லாயிரவர். அரிசி கிடைக்காமல் மரவள்ளிக் கிழங்கு உண்டு வாழ்ந்த ஆண்டுகளில் அரிசி மாவைத் தரையில் தூவ எவருக்கு மனம் வரும்?

போர் முடிந்து மூன்றாண்டில் அவசரகாலம் வந்தது (1948-1960). 1950இல் வகுக்கப்பட்ட பிரிக்ஸ் திட்டத்தின்படி சிதறிக் கிடந்த மக்களைக் கம்பிவேலிக்குள் குடியேற்றினார்கள். திரிங்காப்பும் அவ்வாறு அமைந்த புதுக்கிராமங்களுள் ஒன்று. சீனக் காய்கறி விவசாயிகளே பெரும்பான்மையர். காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்கு உணவு போய்ச் சேராமலிருக்க அரிசிக்குப் பங்கீடு வைத்தார்கள். கடையில் வாங்கும் உணவு டின்னைக்கூட அங்கேயே துளையிட்டுக் கொடுத்த காலம் அது. ஊரடங்கு நேரத்தில் விடியற்காலைப் போகித் தீயை எப்படி மூட்டுவது? பங்கீட்டு அரிசியில் பானை பொங்கி வழிவது எப்படி? சுண்ணாம்புக்கு மட்டும் பங்கீடு இல்லை. போகியின் தீ மறைந்து வெள்ளையடிப்பு மட்டும் பல தோட்டங்களில் எஞ்சி நின்றதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம் என்பது என் கருத்து.

அந்த ஆண்டுகளிலேயே பொங்கலுக்கு வேறொரு வலிமையும் வந்து சேர்ந்தது. 1929ஆம் ஆண்டு இறுதியில் பெரியார் மலாயாவுக்கு வருகை தந்தபின் சீர்திருத்த இயக்கம் இங்கு வேரூன்றியது. 1935இல் தமிழ் முரசைத் தொடங்கிய கோ. சாரங்கபாணி, 1952இல் பொங்கலைத் தமிழர் திருநாளாகக் கொண்டாடச் செய்தார். சாதி, சமய வேறுபாடின்றித் தமிழர் அனைவரும் கொண்டாடும் விழா என்பதே அதன் நோக்கம். தோட்டப் பள்ளிகளில் பேச்சுப்போட்டியும் நாடகமும் அப்படித்தான் வந்தன. ஆனால் மேடைக்கு வந்த பொங்கல் மெல்ல மெல்ல வீட்டை மறந்ததோ என்ற ஐயமும் எனக்கு உண்டு.

பிறகு வந்த மாற்றங்கள் விரைவானவை. பிள்ளைகள் படித்துப் பட்டணம் போனார்கள். கல்வீடும் பிளாஸ்டிக் சாயமும் வந்தன. ஐந்தாண்டுக்கு ஒருமுறை பூசினால் போதும், அதுவும் இப்போது தீபாவளிக்கு. தேயிலைத் தோட்ட லயங்களில் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா ஆகிய நாடுகளிலிருந்து வந்தோர் குடியிருக்கின்றனர். திரிங்காப்பைச் சுற்றி எங்கு பார்த்தாலும் காய்கறிக் குடில்களின் நெகிழித் திரை. அதைப் போகித் தீயில் போட்டுவிடாதீர்கள். நச்சுப்புகை ஒருபுறமிருக்க, 1974ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டம் திறந்தவெளி எரிப்பைத் தடை செய்கிறது.

ஒன்று மட்டும் இன்னும் மாறவில்லை. ஆவிரம்பூவும் சிறுபீளையும் இம்மலையில் கிடைக்கா. மாவும் வேம்பும் குளிரில் செழிப்பதில்லை. மாவிலையும் கரும்பும் கீழிருந்து லாரியில் ஏறிவர வேண்டும். இங்கே மலிவாகக் கிடைப்பது செவ்வந்தி. கடைக்கு அனுப்பக் குடில்களில் வளர்க்கும் அதே பூ, மஞ்சளும் வெள்ளையுமாகப் பொங்கலன்று நிலைப்படியில் தொங்கும். மாவிலை வராத ஆண்டுகளில் எங்கள் பாட்டி தேயிலைக் கொழுந்தையே நூலில் கோத்து நடுவில் செவ்வந்தி வைத்துக் கட்டியதுண்டு. உங்கள் தோட்டத்தில் நிலைப்படிக்கு எந்தத் தழையைக் கட்டினார்கள்? வீட்டிலுள்ள பெரியவர்களைக் கேட்டு எழுதி அனுப்புங்கள். மாணவர்களோடு சேர்ந்து தோட்டம் தோட்டமாகத் தொகுத்து வருகிறேன்.