உளுத்த தொகுதி

ஆங்கிலத்தின் ‘ராட்டன்’ முட்டை, பல், மரம், தக்காளி எல்லாவற்றுக்கும் பொருந்தும். தமிழ் அப்படி விடாது. பழம் அழுகும், சோறு ஊசும், சருகு மக்கும், மரம் உளுத்துப்போகும். கெட்ட முட்டைக்குக் கூமுட்டை என்று தனிப் பெயரே உண்டு. ‘ராட்டன்’ ஆங்கிலத்தின் சொந்தச் சரக்கும் அல்ல, வைக்கிங்குகளின் பழைய நார்ஸ் மொழி தந்த இரவல்.

இந்தச் சொல் அரசியலுக்குள் புகுந்த கதைதான் சுவாரசியம். ‘ராட்டன் பரோ’ என்றால், ஊர் தேய்ந்த பிறகும் நாடாளுமன்றத்துக்கு ஆள் அனுப்பிய தொகுதி. இங்கிலாந்தின் டன்விச் ஊரின் பெரும்பகுதியைக் கடல் கொண்டுபோன பின்னும் அதற்கு இரண்டு உறுப்பினர்கள். வில்ட்ஷயர் குன்றின் மேலிருந்த ஓல்டு சாரமில், 1220-ல் பேராலயம் கீழே சாலிஸ்பரிக்குப் போனதும் மக்களும் இறங்கிவிட்டார்கள். மிஞ்சியது புல்மேடு, அதற்கும் இரண்டு பேர்! இதை ‘அழுகிய தொகுதி’ என்பதைவிட ‘உளுத்த தொகுதி’ என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. அழுகினால் நாற்றம் காட்டிக்கொடுத்துவிடும். இங்கே சட்டப்படி எல்லாம் நேராக நின்றது, உள்ளேதான் ஒன்றுமில்லை.

அந்தப் புல்மேட்டை 1691-ல் விலைக்கு வாங்கியவர் தாமஸ் பிட். நம் சென்னைக் கோட்டையில் 1698 முதல் 1709 வரை கவர்னராக இருந்து, 410 காரட் வைரத்தோடு பேர் வாங்கிய அதே பிட்தான். அவர் பேரன் வில்லியம் பிட் 1735-ல் ஓல்டு சாரம் வழியாகத்தான் நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தார். 1766-ல் அவரே இத்தகைய தொகுதிகளை அரசியலமைப்பின் உளுத்த பகுதி என்றார், ஒரு நூற்றாண்டு தாங்காது என்றும் சொன்னார்.

சென்னைப் பணம் பிட்டோடு நிற்கவில்லை. ஆற்காட்டு நவாப் முகமது அலிக்குக் கொழுத்த வட்டிக்குக் கடன் கொடுத்த கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள், ஈடாக மாவட்டங்களின் நிலவரியையே எழுதி வாங்கினார்கள். உழவன் கட்டிய வரி வட்டியாகிக் கப்பலேறியது. அவர்களில் ஒருவரான பால் பென்ஃபீல்டு 1780-ல் கிரிக்லேடு தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினரானார். இந்தக் கும்பலை எட்மண்ட் பர்க் 1785-ல் நாடாளுமன்றத்தில் கிழித்தெடுத்தார்.

1832 தேர்தல் சீர்திருத்தச் சட்டம் இத்தகைய 56 தொகுதிகளின் இடங்களை அடியோடு பறித்தது. வில்லியம் பிட் போட்ட நூற்றாண்டுக் கணக்கில் 34 ஆண்டு மிச்சம். பர்க்கோ தேர்தல் சீர்திருத்தத்தை எதிர்த்தவர். பென்ஃபீல்டைச் சாடியபோது அவர் உட்கார்ந்திருந்தது மால்டன் தொகுதியின் இடத்தில். அது ஒரு பிரபுவின் சட்டைப்பையில் இருந்த தொகுதி.