மகள் வழி வந்த கோல்கொண்டா அரியணை

ஹயாத் பக்ஷி பேகம் ஒரு சுல்தானின் மகள், ஒரு சுல்தானின் மனைவி, ஒரு சுல்தானின் தாய். ஹைதராபாத் வரலாறு பேசுவோர் பெரும்பாலும் இத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அவருடைய செல்வாக்கின் வேர், மணமான பின்னும் பிறந்த வீட்டிலேயே நிலைத்ததில் இருக்கிறது என்பது என் துணிபு. அவருடைய தந்தை, கோல்கொண்டா சுல்தான் முகமது குலி குதுப் ஷாவுக்கு ஆண் வாரிசு இல்லை. 1603-இல் வந்த பாரசீகத் தூதர், ஷா அப்பாஸின் குடும்பத்துக்கு இந்தப் பெண்ணைக் கேட்டார். தந்தையோ 1607-இல் தம் தம்பி மகன் முகமதுக்கே மணம் முடித்தார். நம் வீடுகளில் சித்தப்பா மகன் அண்ணன் முறை. அவர்கள் மரபில் அத்தகைய மணத்துக்குத் தடையில்லை. 1612-இல் அந்த மருமகனே சுல்தானானார். ஐரோப்பாவில் பிரிட்டனியின் வாரிசான ஆன், 1491-இல் எட்டாம் சார்லசையும் 1499-இல் பன்னிரண்டாம் லூயியையும் மணந்து இருமுறை பிரான்சின் அரசியானார்; 1532-இல் பிரிட்டனியே பிரான்சோடு இணைந்துவிட்டது. கோல்கொண்டாவுக்கு அந்தக் கதி நேராமல் காத்தது 1607-ஆம் ஆண்டுத் திருமணம்.

1626-இல் பட்டமேறிய மகன் அப்துல்லா சிறுவன். எந்தத் தாயும் அப்போது அதிகாரம் பெற்றிருப்பாள் என்று மறுக்கலாம். ஆனால் 1656-இல் ஔரங்கசீப் கோட்டையை முற்றுகையிட்டபோது மகனுக்கு நாற்பது வயது கடந்திருந்தது. அப்போதும் முகலாயப் பாசறைக்குச் சென்று சமரசம் பேசியவர் தாய்தான். இப்ராஹிம் பாக்கில் சுல்தான்களின் கல்லறைகளுக்கு இணையாக எழுந்து நிற்கும் அவருடைய கல்லறையும் அந்த மதிப்புக்குச் சான்று.

இன்னும் கூரான மறுப்பு ஒன்று உண்டு. தமக்கு நேராததை அவரே தம் பெண் மக்களுக்கு நேரவிட்டாரே! மகள் கதீஜா சுல்தானா பிஜப்பூர் முகமது ஆதில் ஷாவுக்கு மனைவியாகப் போனார். 1656 உடன்பாட்டின்படி பேத்தி ஒருத்தி ஔரங்கசீப்பின் மூத்த மகன் முகமது சுல்தானுக்கு மணமுடிக்கப்பட்டாள். அப்துல்லாவுக்குப் பின் அரசும் அந்த மருமகனுக்கே என்ற வாக்குறுதியும் இருந்தது. அது நிறைவேறியிருந்தால் கோல்கொண்டா இன்னொரு பிரிட்டனிதான். இந்தக் குற்றச்சாட்டை முழுதாகத் தள்ள முடியாது. ஆனால் கோட்டை வாசலில் படை நிற்கையில் அவர் பெற்றது அவகாசம். முகமது சுல்தான் 1659-இல் பெரியப்பன் ஷுஜாவோடு சேர்ந்து தந்தையின் சிறைக்குப் போனான். ஆண் மகவின்றி அப்துல்லா 1672-இல் மறைந்தபோது, அரியணை இன்னொரு மகளின் கணவரான, கோல்கொண்டாவிலேயே வாழ்ந்த அபுல் ஹசனுக்கு வந்தது. ஹயாத் பக்ஷி 1667-இலேயே காலமாகியிருந்தார். அறுபது ஆண்டுகளுக்கு முன் அவருக்காக வகுத்த வழியிலேயே வாரிசுரிமை மீண்டும் நடந்தது. 1687-இல் ஔரங்கசீப் கோட்டையைப் பிடித்தது படையாலும் உள்ளிருந்தோரின் துரோகத்தாலும். மண உறவால் அல்ல.