தப்புகளுக்கு ஒரு நோட்டு: டொனால்ட் க்னூத்தும் டெக்கின் பத்து வருஷமும்

மாசக் கடைசி வெள்ளிக்கிழமை வந்தா நம்மள்ல பல பேருக்கு ஒரு வேலை இருக்கும். "இந்த மாசம் என்ன செஞ்சேன்"னு ஒரு பக்கம் எழுதி மேனேஜருக்கு அனுப்பணும். முடிச்ச டிக்கெட் எத்தனை, யாருக்கு உதவி செஞ்சோம், புதுசா என்ன கத்துக்கிட்டோம், அடுத்த மாச இலக்கு என்ன.

போன வருஷம் ஒரு மாசம் நான் எழுதின பக்கத்துல பதினோரு வரி இருந்துச்சு. எல்லாத்துக்கும் பக்கத்துல பச்சை டிக். ஆனா அந்த மாசம் என்னோட நேரத்துல பாதி, தேதி கணக்குல நானே போட்ட ஒரு தப்பைத் தேடுறதுல போச்சு. அதைப் பத்தி அந்தப் பக்கத்துல ஒரு வரிகூட இல்லை. மூணு மாசம் கழிச்சு டீம்ல புதுசா சேர்ந்த ஒரு தம்பி, அதே தப்பைக் கிட்டத்தட்ட அதே இடத்துல போட்டான். ரெண்டு ராத்திரி உட்கார்ந்து தேடினான். நான் எழுதி வெச்சிருந்தா அவனுக்குப் பத்து நிமிஷ வேலை.

அந்த உறுத்தலோட நான் தேடிப் படிச்ச கதைதான் இன்னைக்கு. பத்து வருஷம் தன் புரோகிராம்ல செஞ்ச ஒவ்வொரு திருத்தத்தையும் தேதி போட்டு எழுதி, கடைசில அந்தப் பட்டியலை உலகமே படிக்கிற மாதிரி அச்சுல போட்ட ஒருத்தரோட கதை. பேர் டொனால்ட் க்னூத். முதல்ல இருக்கிற 'க்'கையும் சேர்த்துத்தான் உச்சரிக்கணும்.

1977-க்குப் போவோம். க்னூத்துக்கு அப்போ 39 வயசு. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்துல பேராசிரியர். 'தி ஆர்ட் ஆஃப் கம்ப்யூட்டர் புரோகிராமிங்' புத்தகத்தோட மூணு தொகுதி வந்தாச்சு. 1974-லயே டூரிங் விருதும் வாங்கியாச்சு. இனி நிரூபிக்க எதுவும் இல்லாத ஆள்.

ரெண்டாவது தொகுதியோட புதுப் பதிப்பு தயாராகிட்டு இருந்துச்சு. பதிப்பாளர்கிட்ட இருந்து மெய்ப்பு வந்தது. பிரிச்சுப் பார்த்த க்னூத்துக்கு மனசே விட்டுப்போச்சு. அவ்வளவு அசிங்கமா இருந்துச்சு.

ஏன்? பழைய பதிப்பு ஈய எழுத்துல அச்சுக் கோத்தது. கணிதச் சமன்பாடு கோக்கிறதுக்குன்னே கை பழகின தொழிலாளிகள் இருந்தாங்க. எழுபதுகள்ல அந்த ஈயம் மறைஞ்சு, ஒளிப்படம் மூலமா எழுத்தைப் பதிக்கிற முறை வந்துச்சு. செலவு குறைவு. ஆனா எழுத்துக்கு நடுவுல இடைவெளி சரியில்லை, அடுக்குக்குறி ஒரு பக்கம் நிக்குது, எழுத்து வடிவமும் பழைய மாதிரி இல்லை. அதே சமயம், முழுக்க டிஜிட்டல் முறையில கோத்த ஒரு பக்கத்தையும் அவர் பார்த்திருந்தார். சின்னச் சின்னப் புள்ளிகளால ஆன எழுத்து, ஆனா கண்ணுக்கு அருமையா தெரியுது. அப்போ அவருக்கு ஒண்ணு தோணுச்சு: ஒரு இடத்துல புள்ளி இருக்கா இல்லையாங்கிறது பூஜ்யமும் ஒண்ணும். பூஜ்யமும் ஒண்ணும் நம்ம வேலையாச்சே!

1977 மே மாசம் தன்னோட திட்டத்தை ஒரு குறிப்பா எழுதினார். அந்த மென்பொருளுக்குப் பேரு டெக். கிரேக்க எழுத்துல இருந்து வந்த பேர். கடைசி எழுத்தை 'ஸ்'னு சொல்லக்கூடாது, தொண்டையில இருந்து வரணும். பொறியியல் படிச்சவங்க புராஜெக்ட் ரிப்போர்ட்டுக்கோ ஆய்வுக் கட்டுரைக்கோ லேடெக் பயன்படுத்தியிருப்பீங்க. அது லெஸ்லி லேம்போர்ட் எண்பதுகள்ல இந்த டெக் மேல கட்டினது.

குறிப்பை எழுதி மைக்கேல் பிளாஸ், ஃபிராங்க் லியாங்னு ரெண்டு மாணவர்கள்கிட்ட கொடுத்துட்டு, அந்தக் கோடையில க்னூத் சீனாவுக்குப் போயிட்டார். திரும்பி வந்தா ஒரு முன்மாதிரி ஓடிட்டு இருக்கு. சந்தோஷம்தான். ஆனா அப்புறம் முழு புரோகிராமையும் தானே எழுத உட்கார்ந்தப்போதான் அவருக்கு ஒரு விஷயம் புரிஞ்சுது. கொஞ்ச வரி எழுதுறதுக்குள்ள, தன் குறிப்புல பதிலே இல்லாத ஒரு கேள்வி வந்து நிக்குது. எழுதினவர் அவரே, அதனால உடனே முடிவெடுத்தார். அந்த ரெண்டு பேர் என்ன செஞ்சிருப்பாங்க? யார்கிட்ட கேட்டிருப்பாங்க? ஸ்பெக் தெளிவா இருக்குன்னு நாம சொல்லும்போதெல்லாம் இதை ஞாபகம் வெச்சுக்கலாம். தெளிவா இருக்கா இல்லையான்னு அதை எழுதினவருக்குத் தெரியாது. அதை வெச்சு வேலை செய்யறவனுக்குத்தான் தெரியும்.

இப்போ நோட்டுக்கு வருவோம். 1978 மார்ச் 10. க்னூத் புரோகிராமை ஓட்டித் தப்பு தேட ஆரம்பிச்ச நாள். அன்னைக்கே ஒரு பட்டியலையும் ஆரம்பிச்சார். முதல் பதிவு ரொம்ப சாதாரணம். சில மாறிகளோட பேர்ல முதல் ஆறு எழுத்து ஒரே மாதிரி இருந்துச்சு, அதை மாத்தினேன்னு ஒரு குறிப்பு. அவ்வளவுதான். டூரிங் விருது வாங்கினவரோட முதல் பக், மாறிக்குப் பேர் வைக்கிறதுல! எனக்கு அதைப் படிச்சப்போ கொஞ்சம் ஆறுதலா இருந்துச்சு.

ஒரு வருஷ விடுப்புல முடிஞ்சிடும்னு நினைச்ச வேலை பத்து வருஷம் இழுத்துச்சு. பட்டியலும் கூடவே வளர்ந்து 850-ஐத் தாண்டிடுச்சு. 1989-ல ஒரு ஆய்விதழ்ல 'தி எரர்ஸ் ஆஃப் டெக்' அப்படிங்கிற கட்டுரையா எழுதி, பின்னிணைப்பா மொத்தப் பட்டியலையும் வெளியிட்டார்.

சும்மா பட்டியல் மட்டும் இல்லை. ஒவ்வொண்ணையும் 15 வகையா பிரிச்சு ஒரு எழுத்து கொடுத்தார். வழிமுறையே தப்பானது ஒண்ணு. தட்டச்சுப் பிழை ஒண்ணு. செய்யணும்னு நினைச்சு மறந்தது ஒண்ணு. ஒரு இடத்துல மாத்திட்டு, அதோட சம்பந்தப்பட்ட இன்னொரு இடத்துல மாத்தாம விட்டது ஒண்ணு. யாருமே எதிர்பார்க்காத சூழ்நிலை வந்து இடிச்சது ஒண்ணு. இந்த மாதிரி ஒன்பது வகை உண்மையான பக். மிச்சம் ஆறு வகை மேம்பாடு: வேகப்படுத்தினது, பயன்படுத்துறவருக்குச் செய்தி தெளிவா வர்ற மாதிரி மாத்தினது, வேற கணினியிலயும் ஓடுற மாதிரி செஞ்சது, இந்த ரகம். பக்கைத் திருத்தும்போது குற்ற உணர்ச்சி, மேம்பாடு செய்யும்போது ஏதோ புண்ணியம் செஞ்ச மாதிரின்னு அவரே ஒத்துக்கிறார். நம்ம மாசாந்திர ரிப்போர்ட் எதை எழுதுது, எதை விடுதுன்னு யோசிச்சுப் பாருங்க. புண்ணியக் கணக்கு மட்டும்தான்.

வகை பிரிக்கிறதால என்ன லாபம்? ஒரு தப்பைப் பார்த்தா "ஐயோ"ன்னு தோணும். நூறு தப்பை வகை பிரிச்சுப் பார்த்தா, "நான் எப்பவும் இந்த மாதிரி இடத்துலதான் சறுக்குறேன்"னு தெரியும். அடுத்து என்ன கத்துக்கணும்னு அதுல இருந்து முடிவெடுக்கலாம். நம்ம இலக்குப் பட்டியல்ல "ரஸ்ட் கத்துக்கணும்", "குபர்னெடிஸ் கத்துக்கணும்"னு இருக்கும். அது ஊர்ல எது ஓடுதோ அதைப் பார்த்து எழுதினது. தன் தப்பைப் பார்த்து எழுதின இலக்கு வேற மாதிரி இருக்கும்.

க்னூத் என்னெல்லாம் கத்துக்க வேண்டியிருந்துச்சுன்னு பாருங்க. எழுத்து வடிவம் அவருக்குத் தெரியாத துறை. ஹெர்மன் ஜாஃப், சார்ல்ஸ் பிகலோ மாதிரி எழுத்துரு வல்லுநர்களோட சேர்ந்து வேலை செஞ்சார். எழுத்தை வரையறதுக்கு மெட்டாஃபாண்ட்னு தனியா ஒரு மொழியே உருவாக்கினார். ஆங்கில 'எஸ்' எழுத்து மட்டும் கணிதத்துக்குள்ள அடங்காம நாள்கணக்குல படுத்துச்சு. எஸ் மாதிரியே வரைஞ்சா என்னன்னு அவரோட மனைவி ஜில் கேட்டாங்களாம்! கடைசில அந்த ஒரே எழுத்தைப் பத்தி 1980-ல தனிக் கட்டுரையே எழுதினார். மாணவர்களும் சும்மா இல்லை. பத்தியை எந்த இடத்துல உடைச்சா வரிகள் அழகா அமையும்ங்கிறதை பிளாஸோட சேர்ந்து ஆராய்ச்சி செஞ்சார். சொல்லை எங்க உடைச்சு வரி மாத்தலாம்ங்கிறது லியாங்கோட முனைவர் பட்ட ஆய்வாச்சு.

அடுத்தது சமூகம். 1980-ல டெக் பயனர் குழு உருவாச்சு. தப்பைக் கண்டுபிடிச்சுச் சொல்றவங்களுக்கு க்னூத் காசோலை அனுப்புவார். புத்தகத் தப்புக்கு 2.56 டாலர். 256 சென்ட், அதாவது பதினாறடிமான எண்ல ஒரு டாலர்! டெக்ல பக் கண்டுபிடிச்சா அந்தத் தொகை வருஷா வருஷம் இரட்டிப்பாகி, கடைசில 327.68 டாலர்ல நின்னுச்சு. வாங்கின பல பேர் அதை வங்கியில போடலை, சட்டம் போட்டுச் சுவர்ல மாட்டிக்கிட்டாங்க. காசோலை மோசடியால 2008-ல இருந்து நிஜக் காசோலைக்குப் பதிலா கற்பனை வங்கி ஒண்ணோட சான்றிதழ் அனுப்புறார். தன் தப்பைச் சுட்டிக்காட்டினவரை எதிரியா பார்க்காம காசு கொடுத்து மரியாதை செஞ்சதுதான் இதுல விஷயம்.

1986-ல வேலை முடிஞ்சதுன்னு பாஸ்டன்ல விழாவே எடுத்தாச்சு. ஆனா 1989-ல பயனர் குழு ஸ்டான்ஃபோர்ட்ல கூடினப்போ ஐரோப்பியர்கள் ஒரு குறை சொன்னாங்க. டெக் ஏழு பிட் எழுத்தை மட்டும்தான் ஏத்துக்குது. மேல புள்ளியும் கோடும் இருக்கிற எழுத்துகளோட எங்க மொழியை எழுதுறது கஷ்டமா இருக்கு, ஒரே ஆவணத்துல ரெண்டு மொழிக்குச் சொல் உடைக்கவும் முடியலைன்னு. இனி தொடமாட்டேன்னு இருந்தவர் மறுபடி திறந்தார். தன் ஆங்கிலத்தை மனசுல வெச்சு எழுதினது மத்தவங்களுக்குப் போதலைன்னு ஒத்துக்கிட்டு, 1990-ல மூணாவது பதிப்பை வெளியிட்டார். அதோட பூட்டிட்டார். இனிமே பக் திருத்தம் மட்டும், புது வசதி கிடையாது.

நம்ம தமிழ் இங்கதான் உள்ள வருது. எட்டு பிட்டும் நமக்குப் பத்தாது. யூனிகோட் வேணும். க்னூத் அதைச் செய்யலை. ஆனா மூல நிரலைத் திறந்து வெச்சிருந்தார். நிபந்தனை ஒண்ணுதான்: மாத்தினா வேற பேர் வெச்சுக்கோங்க. அப்படி மத்தவங்க கட்டினதுதான் ஸீடெக், லுவாடெக் எல்லாம். இன்னைக்குத் தமிழ்ல ஒரு கட்டுரையை லேடெக்ல நான் எழுத முடியுதுன்னா அது இவங்க புண்ணியம். ஒரு வேலையை எங்க நிறுத்தணும், எதை அடுத்தவங்க கையில விடணும்னு தெரியறதும் ஒரு திறமைதான் போல.

இதுல எனக்கு ஒரு உறுத்தலும் இருக்கு, மறைக்க விரும்பலை. க்னூத் அப்போ நிரந்தரப் பேராசிரியர். அவருக்கு அப்ரைசல் கிடையாது. 850 தப்பை அச்சுல போட்டா அவருக்குப் பேர் கிடைக்கும். நான் எட்டுத் தப்பை எழுதினா, ஹைக் பேசும்போது அதே எட்டும் எனக்கு எதிரா மேஜைக்கு வரலாம். அவருக்கும் விலை இல்லாம இல்லை. பத்து வருஷம் இதுல போனதால நாலாவது தொகுதி தள்ளிப்போச்சு. 4ஏ பகுதி 2011-லதான் வந்துச்சு, 4பி 2022-ல. ஆனா அந்த விலையை அவரால தாங்க முடிஞ்சுது. வேலைக்குச் சேர்ந்து ரெண்டு வருஷம் ஆன ஒருத்தர்கிட்ட போய் "நீயும் வெளிப்படையா இரு"ன்னு நான் சும்மா அறிவுரை சொல்ல மாட்டேன். தப்பை எழுதச் சொல்ற டீம், அதை எழுதினவனைத் தண்டிக்கக் கூடாது. அந்த உத்தரவாதத்தைக் கொடுக்க வேண்டியது மேல இருக்கிறவங்க.

என்னால முடிஞ்சதை நான் செஞ்சேன். மேனேஜருக்குப் போற பக்கம் அப்படியே போகுது. கூடவே டீமுக்கு மட்டும் இன்னொரு பக்கம். தேதி, என்ன தப்பு, எந்த வகை, எப்படிக் கண்டுபிடிச்சேன். இப்போ ஐந்து மாசம் ஆச்சு, 41 பதிவு இருக்கு. வகை பிரிச்சுப் பார்த்தா பாதிக்கு மேல ஒரே ரகம்: ஒரு இடத்துல மாத்திட்டு இன்னொரு இடத்தை மறந்தது. அதனால அடுத்த மாச இலக்கா புது மொழி எதுவும் எழுதலை. டெஸ்ட் எழுதுறதை ஒழுங்கா கத்துக்கணும்னு எழுதியிருக்கேன். அந்தத் தம்பியும் இப்போ அதே பக்கத்துல எழுதுறான். போன வாரம் அவன் எழுதின ஒரு பதிவால எனக்கு ஒரு சாயங்காலம் மிச்சமாச்சு.

முடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு விஷயம். டெக்கோட பதிப்பு எண் ஒவ்வொரு திருத்தத்துக்கும் பை மதிப்பை நோக்கி ஒரு இலக்கம் நகருது. 2021-ல வந்தது 3.141592653. சேர்ந்திருக்கிற தப்புகளை சில வருஷத்துக்கு ஒரு தடவைதான் க்னூத் எடுத்துப் பார்க்கிறார். 2014, அப்புறம் 2021. அடுத்தது 2029-ன்னு சொல்லியிருக்கார். அப்போ அவருக்கு 91 வயசு. தன் காலத்துக்கு அப்புறம் பதிப்பு எண்ணை முழுசா பைன்னே மாத்திடணும், அதுக்குமேல மிச்சம் இருக்கிற பக் எல்லாம் அம்சங்களா எடுத்துக்கணும்னு எழுதி வெச்சிருக்கார்.

உங்க டீம்ல தப்பை எழுதி வைக்கிற பழக்கம் இருக்கா? எழுதினதால யாராவது மாட்டிக்கிட்ட கதை இருக்கா? ரெண்டும் எனக்கு வேணும். பேர் சொல்லாம ஆடியோவா அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல கேட்போம். வரட்டா.