குடை யாருக்கு?



அண்மையில் எங்கள் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கச் செயலவைக் கூட்டம் நடைபெற்றது. அன்றைய பொருள்களுள் கடைசியாக இருந்தது, 'பெரிய குடைகள் நான்கு வாங்குதல்' என்பதாகும். உணவகங்களின் வாசலில் மேசைக்கு நடுவே நட்டு வைத்திருப்பார்களே, அத்தகைய குடைகள். பள்ளி முடியும் நேரத்தில் பிள்ளைகளை அழைத்துச் செல்ல வரும் தாய்மார்களும் பாட்டிமார்களும் வாயிலில் உச்சி வெயிலில் நிற்கின்றனர். முன்பு அங்கே நிழல் தந்த மரம் சாலையை அகலப்படுத்தியபோது போய்விட்டது. கம்போங் குவாந்தானுக்கு மின்மினி காண வரும் வெளியூரார் இரவில் வந்து இரவிலேயே திரும்பிவிடுகின்றனர். இங்குள்ள பகல் வெயிலை அவர்கள் அறியார்!

ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்க வேண்டிய பேச்சு அரைமணி நேரம் நீண்டது. காரணம், ஒருவர் எழுந்து, "முதலில் விளையாட்டுப் போட்டி வருகிறது. குடைகளைச் சிறப்பு விருந்தினர் மேடையருகே வைப்போம், பிறகு வாயிலுக்குக் கொண்டு போகலாம்" என்றார். மற்றொருவர், "மாணவர்கள் திடலில் காயும்போது விருந்தினருக்குக் கூடாரமும் போதாமல் குடையுமா?" என்று கேட்டார். நான் அன்று ஒன்றும் பேசவில்லை. வீட்டிற்கு வந்தபின், குடையைப் பற்றி நம் முன்னோர் என்னென்ன எண்ணினர் என்று நூல்களைப் புரட்டினேன். கூட்டத்தில் எழுந்த அந்த வழக்கு மிகப் பழைய வழக்கு என்பது அப்போது விளங்கிற்று.

தமிழரசர்களின் அடையாளங்களுள் வெண்கொற்றக் குடை தலையாயது. முரசு, செங்கோல், குடை என்று ஒருசேரச் சொல்வது மரபு. அரசனின் குடையை முழுநிலவுக்கு ஒப்பிடுவது புலவர் வழக்கம். சிலப்பதிகாரத்தில் பாண்டிமாதேவி காணும் தீக்கனவில் முதலில் விழுவன குடையும் செங்கோலுமே. குடை விழுந்தால் அரசு விழுந்தது என்று பொருள்.

புறநானூற்றின் 35ஆம் பாடலில் வெள்ளைக்குடி நாகனார், குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன் என்னும் சோழனிடம் துணிந்து ஒரு கருத்தைச் சொல்கிறார். உன் குடை உனக்கு வெயில் படாமல் மறைப்பதற்கென்று எடுத்ததன்று, வருந்திய குடிமக்களுக்கு நிழலாவதற்கே என்பது அதன் சாரம். ஏர் பிடிப்பவரைக் காத்தால்தான் உன் குடை நிற்கும் என்றும் குறிப்பால் உணர்த்துகிறார். புலவர் வெறுங்கையோடு திரும்பவில்லை. செலுத்தாமல் நின்ற பழைய நிலவரியைத் தள்ளுபடி செய்யப் பாடினார், அதைப் பெற்றும் விட்டார். பொன்னும் யானையும் பரிசாகக் கேட்ட புலவர் பலர் உண்டு. வரிக் கடனைக் கேட்டுப் பெற்றவர் என்பதனால் இவர்மேல் எனக்குத் தனி மதிப்பு. ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு இதைக் கதையாகச் சொல்லிப் பாருங்கள், நன்றாகக் கேட்பார்கள்.

நாம் வாழும் இந்நாட்டிலும் குடைக்கு அதே இடம் இருந்தது. மலாக்கா அரசின் வரலாற்றைக் கூறும் செஜாரா மெலாயு, சுல்தான் முகம்மது ஷா வகுத்த அரண்மனை முறைகளை விரிவாகச் சொல்கிறது. பொதுமக்கள் மஞ்சள் நிறத்தைப் பயன்படுத்தலாகாது என்பது அவற்றுள் ஒன்று. குடைக்கும் நிறவரிசை உண்டு. மஞ்சள் குடை அரச குமாரர்களுக்கு உரியது. வெள்ளைக் குடையோ அதனினும் உயர்ந்தது, அரசனுக்கு உரியது. வெள்ளை தொலைவிலிருந்தும் தெரியும் என்பது அந்நூல் கூறும் காரணம். நம் வெண்கொற்றக் குடையை நினைத்துக்கொண்டு இதைப் படித்தபோது வியப்பு மேலிட்டது. மலாய் மொழியில் அரச குடையைக் குறிக்கும் 'செத்ரா' என்னும் சொல் வடமொழிச் 'சத்ர'த்தின் வழிவந்தது. தாய்லாந்தில் இன்றும் ஒன்பது அடுக்கு வெள்ளைக் குடையே முடிசூடிய மன்னரின் அடையாளம். 2019 மே மாதம் நடந்த முடிசூட்டு விழாவிலும் அது அரசருக்கு வழங்கப்பட்டது.

எளிய மக்கள் எதைப் பிடித்தனர்? ஓலையைத்தான். தமிழ்நாட்டில் பனையோலைக் குடையும் தாழை மடலால் பின்னிய தாழங்குடையும் இருந்தன. வயலில் குனிந்து வேலை செய்பவருக்குக் கைக்குடை பயன்படாது. அவர்கள் கொங்காணி போட்டுக்கொண்டனர். குடைப்பனை என்றே ஒரு மரம் உண்டு. தாளிப்பனை என்றும் சொல்வர். அதன் அறிவியற் பெயரிலும் குடை என்னும் பொருள் இருக்கிறது. இலங்கையில் கண்டி அரசனிடம் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சிறைப்பட்டுக் கிடந்த ஆங்கிலேயர் இராபர்ட் நாக்ஸ், 1681இல் வெளியிட்ட தம் நூலில், இம்மரத்தின் ஓர் ஓலை பதினைந்து இருபது பேரை மழையில் நனையாமல் மூடும் என்று எழுதினார். படைவீரர்கள் அதை மடித்து எடுத்துச் சென்று கூடாரமாகவும் கொண்டனர். துணிக்குடை பரவியது பிறகுதான். இலண்டன் தெருவில் 18ஆம் நூற்றாண்டின் நடுவில் ஜோனாஸ் ஹான்வே என்பவர் குடை பிடித்து நடந்தபோது வண்டிக்காரர்கள் கேலி செய்தார்களாம். 1852இல் சாமுவேல் பாக்ஸ் எஃகுக் கம்பிகளைக் குடைக்குப் பொருத்தியபின் குடை எடை குறைந்தது, விலையும் குறைந்தது.

விலை குறைந்தால் எல்லாரும் பிடிக்கலாம் அல்லவா? அங்கேதான் வரலாறு கசக்கிறது.

தென் திருவிதாங்கூரில், அதாவது இன்றைய கன்னியாகுமரி மாவட்டப் பகுதியில், 19ஆம் நூற்றாண்டில் நாடார் மக்கள் குடை பிடிக்கலாகாது, காலணி அணியலாகாது, பெண்கள் மார்பை மூடலாகாது என்னும் தடைகள் இருந்தன. நெடிய போராட்டத்தின் பின் 1859 ஜூலை 26ஆம் நாள் அப்பெண்கள் மேலாடை அணிவதற்கு அரச அறிவிப்பு வந்தது. இது பழைய செய்தி என்று ஒதுக்குவோரும் உண்டு. ஆகவே நமக்கு இன்னும் அண்மையான ஒன்றைச் சொல்கிறேன். ஜே. எச். ஹட்டன் என்பார் இந்தியச் சாதி முறை பற்றி 1946இல் வெளியிட்ட நூலில் இதைப் பதிவு செய்துள்ளார். 1930 டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்கச் சாதியார் ஒடுக்கப்பட்ட மக்கள்மீது எட்டுத் தடைகளை விதித்தனர். பொன், வெள்ளி நகை கூடாது, சட்டை கூடாது, மண்பாண்டம் அன்றி வேறு பாண்டம் கூடாது, பூச்சூடக் கூடாது. எட்டாவது தடை இது: வெயிலுக்கோ மழைக்கோ குடை பிடிக்கக் கூடாது, செருப்பும் அணியக் கூடாது.

மறு ஆண்டு ஜூனில் பட்டியல் பதினொன்றாக வளர்ந்தது. அதிலே சேர்ந்த ஒன்று: அவர்களின் பிள்ளைகள் எழுதப் படிக்கக் கற்கலாகாது, மிராசுதாரரின் மாடுகளை மேய்க்க வேண்டும். இவ்விரு பட்டியல்களையும் அடுத்தடுத்துப் படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. முதலாண்டு குடை, மறு ஆண்டு பள்ளிக்கூடம்! குடையைத் தடுத்தவரின் அச்சம் துணியைப் பற்றியதன்று. தலைக்கு மேலே ஒன்றைப் பிடித்தவன் தலை நிமிர்ந்து நடப்பான் என்பதைப் பற்றியது.

அக்காலத்தில்தான் நம் முன்னோர் சென்னை மாகாணத்தின் பல மாவட்டங்களிலிருந்தும் கங்காணிகளின் வழியாகக் கப்பலேறி இங்கு வந்துகொண்டிருந்தனர். அவர்களுள் ஒடுக்கப்பட்ட மக்கள் கணிசமானோர். சிலாங்கூர் ஆற்றங்கரையில் ரந்தாவ் பாஞ்சாங்கிலே ரப்பர்த் தோட்டம் போட்ட பிரெஞ்சுக்காரர் ஆன்ரி போக்கோனியே, 1917இல் அருகிலுள்ள தென்னமரம் தோட்டத்தில் நாட்டின் முதல் வணிகச் செம்பனைப் பயிரைத் தொடங்கினார். இந்நாட்டு வாழ்வை வைத்து அவர் எழுதிய நாவலுக்கு 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசு கிடைத்தது. நாட்டின் முதற்செம்பனைத் தோட்டத்தின் பெயர் தமிழில் அமைந்திருப்பதை மாணவர்களுக்குச் சொல்லாமல் விடாதீர்கள்.

பால்மரக் காட்டில் குடைக்கு வேலையில்லை. ஒரு கையில் உளி, மறு கையில் வாளி. மேலே மரமே நிழல். பெருமழை பெய்தால் பால் கரைந்துவிடும், ஆகவே வெட்டும் இல்லை, அன்றைய கூலிக்கும் இடர். வயதான செம்பனைக்கு நிழலுண்டு. இளஞ்செம்பனையில் புல் வெட்டிய பெண்களுக்குத் தலைத்துண்டும் கோணிச்சாக்குமே குடை. என் பாட்டியின் நினைவில், தோட்டத்தில் கறுப்புக் குடையோடு நடந்தவர் கங்காணி. அம்மன் திருவிழாவில் பட்டுக்குடை பிடித்தவர் பாட்டாளி. அம்மனுக்கு நிழல் பிடித்தவர் தாம் வெயிலில் நடந்தார் என்று பாட்டி சிரித்துக்கொண்டே சொல்வார்.

ஊரில் குடை என்றால் இங்கே மிதிவண்டி. துரையோ கிராணியோ எதிரே வந்தால் தொழிலாளி மிதிவண்டியை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்பது தோட்டங்களில் எழுதாச் சட்டமாக இருந்தது. 1941இல் கிள்ளான் வட்டாரத்தில் தொடங்கிச் சிலாங்கூரின் மற்றப் பகுதிகளுக்கும் பரவிய வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில் கூலி உயர்வும் மருத்துவமும் பிள்ளைகளின் கல்வியும் இருந்தன. கள்ளுக்கடையை மூடுதலும் இருந்தது. அவற்றோடு, மிதிவண்டியிலிருந்து இறங்க மாட்டோம் என்பதும் ஒரு கோரிக்கை. தலைவர் ஆர். எச். நாதன் மே மாதத் தொடக்கத்தில் கைது செய்யப்பட்டார். மே 16ஆம் நாள் சிலாங்கூரில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. படையினரின் துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் ஐவர் உயிரிழந்தனர். இன்று பிள்ளைகள் பள்ளி வாயிலில் மிதிவண்டியை நிறுத்தாமலே ஆசிரியருக்கு வணக்கம் சொல்லிச் செல்லும்போது சிலர் கடிந்துகொள்கிறோம். நானும் கடிந்ததுண்டு. இதைப் படித்தபின் விட்டுவிட்டேன்.

ஒன்றை நன்றியோடு சொல்லவேண்டும். இராமநாதபுரத்தில் படிக்காதே என்று தடை போட்டபோது, இங்கே 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தின்படி பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் உள்ள தோட்டம் பள்ளி நடத்தியாக வேண்டும். பெரும்பாலும் அது ஒரு கொட்டகைதான், கற்பித்தவரும் பயிற்சி பெறாதவர்தாம். ஆயினும் அந்தக் கொட்டகைகளின் வழிவந்தவையே நம் தோட்டத் தமிழ்ப்பள்ளிகள்.

குடைக்கு வருவோம். இனி வெயில் குறையப் போவதில்லை. 2016இல் பெர்லிஸ், கெடா மாநிலங்களில் வெப்பத்தினால் பள்ளிகள் மூடப்பட்டன. 2023 ஏப்ரல் இறுதியில் வெளிப்புற நடவடிக்கைகளை நிறுத்திவைக்குமாறு கல்வியமைச்சு எல்லாப் பள்ளிகளையும் பணித்தது. ஆகவே வேறு பள்ளிகளும் இத்தகைய குடை வாங்க எண்ணக்கூடும். நாங்கள் விசாரித்தறிந்தவற்றைச் சொல்லிவிடுகிறேன். கடலோரக் காற்றில் இரும்புத் தண்டு விரைவில் துருப்பிடிக்கும், அலுமினியம் மேல். துணி நெய்வதற்கு முன்பே நூலில் சாயம் ஏற்றியதாக இருந்தால் எளிதில் வெளுக்காது. உச்சியில் காற்றுப் போகத் திறப்பு வைத்த குடையையே தேர்ந்தெடுங்கள். இல்லையேல் புயற்காற்று தூக்கிவிடும். அடியில் வைக்கும் பாரத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள். பாசார் மாலாம் வணிகர்கள் வாளியில் சிமெண்டு நிரப்பித் தண்டை நடுவார்கள், அது மலிவு. ஆனால் பிள்ளைகள் ஓடும் இடத்தில் தடுக்காத மூலையாகப் பார்த்து வைக்கவேண்டும். பலத்த காற்று வந்தால் உடனே மடக்குங்கள். நனைந்த குடையை மடக்கி உறையிட்டால் இரண்டே நாளில் பூஞ்சை. காயவிட்டுப் பிறகு மடக்குக. கம்பி மூட்டுகளுக்கு அவ்வப்போது ஒரு துளி எண்ணெய். நாள்தோறும் விரிக்கவும் மடக்கவும் ஒருவர் பொறுப்பேற்காவிட்டால் எந்தக் குடையும் ஓராண்டு தாங்காது. எங்கள் பள்ளியில் அதைப் பள்ளிக் காவலர் ஏற்றுக்கொண்டார்.

அடுத்த கூட்டத்தில் வெள்ளைக்குடி நாகனாரின் கதையைச் சொன்னேன். இராமநாதபுரத்துப் பட்டியலையும் படித்துக் காட்டினேன். மேடைக்குக் கேட்டவரே, "வாயிலிலேயே இருக்கட்டும், ஐயா" என்றார். இரண்டு குடை வாயிலுக்கு, இரண்டு திடலோரத்தில் மாணவர் தண்ணீர் குடிக்கும் இடத்திற்கு என்று முடிவாயிற்று. அதன்பின் நிறத்தைப் பற்றிய பேச்சு. மஞ்சள் அரசருக்குரிய நிறம், வேண்டாம் என்றார் ஒருவர். வெள்ளை ஒரே மாதத்தில் அழுக்காகும் என்றார் பொருளாளர். கடையில் ஒரே அளவில் நான்கு இருந்தது பச்சை மட்டுமே. பச்சையையே வாங்கினோம்.