செப்பனிட்ட ஒலியும் விடுபட்ட பெயர்களும்

பழைய நூலொன்று மறுபதிப்புப் பெறும்போது அதன் முகப்பிலே யாருடைய பெயர் நிற்கிறது என்று பார்ப்பது இலக்கிய மாணவருக்குப் பழகிப்போன காரியம். பாடபேதங்களைக் குறிப்பதும், இடைச்செருகல்களை இனங்காண்பதும், ஆசிரியர் பெயரில் ஐயமிருப்பின் அதனை மறைக்காது கூறுவதும் பதிப்பாசிரியனின் கடமை என நாம் பயின்றிருக்கிறோம். ஆயின், இசைத்தட்டுக்களின் மறுபதிப்பை எவரும் இவ்வாறு நோக்குவதில்லை. ஒலி தெளிவாயிருக்கிறதா என்ற கேள்வியோடு ஆராய்ச்சி முற்றுப்பெற்று விடுகிறது. லெட் செப்பெலின் என்னும் ஆங்கில றொக் இசைக்குழுவின் பாடல்களைத் திரட்டி 1990ஆம் ஆண்டில் வெளியிட்ட நான்கு இறுவட்டுப் பெட்டியை எமது மாணவர் ஒருவர் அண்மையில் கொண்டுவந்து தந்தார். அதனையும் ஒரு பதிப்பாகவே வாசித்துப் பார்க்கலாமே என்று எமக்குத் தோன்றிற்று.

குழுவின் வரலாற்றைச் சுருக்கமாகவே கூறலாம். 1968இல் லண்டனில் ஜிம்மி பேஜ், றொபேட் பிளான்ற், ஜோன் போல் ஜோன்ஸ், ஜோன் பொன்ஹம் ஆகிய நால்வரும் ஒன்று சேர்ந்தனர். 1980 செப்டெம்பர் 25இல் மத்தளக்காரர் பொன்ஹம் இறந்தார்; அவ்வாண்டு டிசெம்பரிலே குழு கலைந்தது. இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டுகளில் உலகிலேயே மிகப் பெரும் விற்பனை கண்ட குழுக்களுள் ஒன்றாக அது விளங்கியது. இறுவட்டு என்னும் புதிய பண்டம் சந்தைக்கு வந்த எண்பதுகளில், ஒருமுறை விற்ற பாட்டை மறுமுறையும் விற்கக் கம்பனிகளுக்கு வாய்ப்புக் கிட்டியது. அவசரமாக மாற்றப்பட்ட அவ்விறுவட்டுகளின் ஒலி பேஜுக்கு நிறைவளிக்கவில்லை. எனவே, அவர் நியூயோர்க்கில் ஜோர்ஜ் மரினோ என்ற ஒலிப்பொறியியலாளரோடு அமர்ந்து, ஒலிநாடாக்களிலிருந்து 54 பாடல்களை மீண்டும் செப்பனிட்டார். அதன் பயனே இப்பெட்டி. ஒலி உண்மையில் துலக்கமாகவே இருக்கிறது. அவ்வுழைப்பை நாம் குறைத்து மதிப்பிடவில்லை.

பெட்டியைத் திறந்ததும் முதலில் ஒலிப்பது 'ஹோல் லொட்டா லவ்' என்னும் பாட்டு. 1969இல் இரண்டாவது இசைத்தட்டில் வந்தபோது அதன் கீழ் நால்வரின் பெயர்கள் மாத்திரமே இருந்தன. அப்பாட்டின் சொற்களிற் பெரும்பகுதி அவர்களுடையதன்று. சிக்காகோ நகரத்துக் கறுப்பினப் பாடகரான மடி வோட்டர்ஸ் 1962இல் 'யூ நீட் லவ்' என்ற பாடலைப் பதிவு செய்திருந்தார். அதனை எழுதியவர் வில்லி டிக்ஸன்.

இந்த டிக்ஸன் யார்? 1915இல் மிசிசிப்பி மாநிலத்து விக்ஸ்பேர்க் நகரிற் பிறந்தவர். பருத்திக் காடுகளில் வாரக்குடிகளாகக் கடனில் மூழ்கிக் கிடந்த கறுப்பின மக்கள் இலட்சக்கணக்கில் வடக்கு நோக்கிப் பெயர்ந்த பெரும் நகர்வின்போது, 1936இல் சிக்காகோவை அடைந்தார். குத்துச்சண்டை வீரராயிருந்தார், பின்னர் இசைக்குழுக்களிற் பெரும்பிடில் வாசித்தார். இரண்டாம் உலகப் போர் மூண்டபோது, தன் இனத்தவரைச் சமமனிதராக நடத்தாத அரசுக்காக ஆயுதமேந்த இயலாதென மறுத்துப் பத்து மாதங்கள் சிறையிருந்தார். போருக்குப் பின்னர் செஸ் என்னும் இசைத்தட்டுக் கம்பனியிலே பாடலாசிரியராகவும் வாத்தியக்காரராகவும் பதிவுகளை நெறிப்படுத்துபவராகவும் உழைத்தார். வயல்வெளியில் தனிக்கிற்றாரோடு பாடப்பட்ட புளூஸ் இசை, ஆலைகளும் ரயில் நிலையங்களும் இரைகின்ற மாநகரத்தில் மின்கிற்றாரின் துணையோடு புதிய உருவம் பெற்றது இக்காலத்திலேயே. மடி வோட்டர்ஸ் தாமே ஸ்ரோவல் தோட்டத்திற் கூலியாயிருந்து 1943இல் சிக்காகோவுக்கு வந்தவர். எனவே, இவ்விசையைத் தொழிலாளராய் மாறிய விவசாயிகளின் இசை என்று கூறினால் அது மிகையாகாது.

அவ்விசையின் உடைமை யாரிடம் இருந்தது? செஸ் கம்பனியின் உரிமையாளர் பங்காளராயிருந்த ஆர்க் மியூசிக் என்னும் வெளியீட்டு நிறுவனத்திடம் பாடல்களின் உரிமை கிடந்தது. 1972இல் லெட் செப்பெலின் குழுவினர்மீது டிக்ஸனின் வேறொரு பாடலுக்காக வழக்கிட்டதும் இந்நிறுவனமே. அஃது இணக்கத்தில் முடிந்தது. ஆனால் அது முதலாளிக்கும் முதலாளிக்குமிடையே நடந்த வழக்கு. அதே ஆர்க் நிறுவனத்தின் மீது உரிமைப்பணம் கோரி டிக்ஸனும் மடி வோட்டர்ஸும் எழுபதுகளின் பிற்பகுதியில் வழக்காட வேண்டியிருந்தது என்பதை நோக்கினால், எழுதியவனுக்கும் எழுத்துக்குமிடையே எத்தனை கைகள் நீண்டிருந்தன என்பது புலனாகும். இலண்டன் இளைஞரை மட்டும் குற்றக்கூண்டில் ஏற்றிவிட்டுச் சிக்காகோ வணிகரை வெளியே விடுவது வரலாற்றுக்கு நீதியாகாது.

'ஹோல் லொட்டா லவ்' பாட்டுக்காக டிக்ஸன் 1985இல் வழக்குத் தொடுத்தார். பாட்டு வெளிவந்து பதினாறு ஆண்டுகள் கழிந்திருந்தன. 1987இல் நீதிமன்றத்துக்கு வெளியே இணக்கம் ஏற்பட்டது. பிற்காலப் பதிப்புகளில் அவருடைய பெயரும் சேர்க்கப்பட்டது. முதிய புளூஸ் கலைஞர்கள் தம் உரிமைப்பணத்தை மீட்க உதவும்பொருட்டு அவர் ஓர் அறநிலையத்தை நிறுவினார். அவர் 1992இல் மறைந்தபின், முன்பு செஸ் கம்பனி இருந்த சிக்காகோக் கட்டடமே அவ்வறநிலையத்தின் இல்லமாயிற்று.

இங்கே சிலர் ஒரு தடையை எழுப்புவர். புளூஸ் என்பது வாய்மொழி மரபு. ஒருவர் பாடிய அடியை மற்றவர் எடுத்துக் கோப்பது அங்கே இயல்பு. டிக்ஸனும் மரபிலிருந்து எடுத்தவரே. பொதுச்சொத்துக்கு உரிமை கோருவதெங்ஙனம் என்பர். தடை வலிமையானதுதான். நாட்டார் பாடலைச் சிறிதளவேனும் கற்றவர் அதனை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. ஆயின், இரவல் வாங்குவதில் இருவகை உண்டு. நிலமற்ற பாடகனொருவன் இன்னொரு நிலமற்ற பாடகனிடம் அடியெடுத்துப் பாடும்போது, அப்பாட்டு இருவருக்கும் பொதுவாகவே தொடர்ந்து இருக்கிறது, மூன்றாமவனும் எடுக்கலாம். அதே அடியைப் பதிப்புரிமைச் சட்டத்தின்கீழ் தன் பெயரிற் பதிந்துகொள்ளும்போது, பொதுநிலத்தைச் சுற்றி வேலி எழுந்துவிடுகிறது. அதன்பின் அந்நிலத்தில் மேய்ப்பவர் வாடகை செலுத்தவேண்டும். மரபு என்னும் வாதத்தை மரபை மூடியவர்களே பேசுவதுதான் எமக்கு வியப்பைத் தருகிறது.

இன்னொன்றையும் கூறவேண்டும். முதலாவது இசைத்தட்டிலே 'பேப் ஐம் கோனா லீவ் யூ' என்ற பாட்டு 'மரபுப் பாடல்' என்ற குறிப்புடன் வந்தது. உண்மையில் அதனை ஐம்பதுகளின் பிற்பகுதியில் இயற்றியவர் ஆன் பிறெடன் என்ற அமெரிக்கப் பெண்மணி. ஜோன் பயஸ் பாடியதைக் கேட்டே ஆங்கிலக் குழுவினர் அதனை அறிந்தனர். உயிரோடிருந்த ஒருத்தி இருபதாண்டுகளுக்கு மேலாக 'மரபு' என்ற சொல்லுக்குள் மறைந்து போனாள். 1990 முதல் அவரது பெயர் பாட்டோடு சேர்ந்தது, உரிமைப்பணமும் கிடைத்தது. இப்பெட்டி வெளிவந்த ஆண்டும் அதுவே. 'டேஸ்ட் அன்ட் கொன்பியூஸ்ட்' பாடலை 1967இற் பாடிய ஜேக் ஹோம்ஸோ 2010இல் வழக்கிட்ட பின்னரே தம் பெயரைக் காண முடிந்தது.

மூன்றாவது இறுவட்டில் 'வென் த லெவீ பிறேக்ஸ்' வருகிறது. ஆற்றின் கரையணை உடையும் வேளையைப் பற்றியது அப்பாட்டு. 1927 ஏப்ரல் 21ஆம் நாள் மிசிசிப்பி ஆற்றின் அணை மவுன்ட்ஸ் லாண்டிங் என்னுமிடத்தில் உடைந்து, நாடளவு நிலம் நீரில் மூழ்கியது. கிறீன்வில் நகரில் ஏறத்தாழ 13,000 கறுப்பின மக்கள் அணைமேட்டிலே முகாமிடப்பட்டனர். கப்பல்கள் அவர்களை ஏற்றிச் செல்ல வந்தும் போகவிடப்படவில்லை. பருத்தி முதலாளிகளுக்குக் கூலியாட்கள் கைநழுவிப் போய்விடுவார்களென்ற அச்சமே காரணம். துப்பாக்கி ஏந்திய காவற்படையின் கண்காணிப்பில் மூட்டை சுமந்தனர். இரண்டாண்டுகளின் பின், 1929இல், கன்சாஸ் ஜோ மக்கோயும் மெம்பிஸ் மின்னியும் இணைந்து அப்பாட்டைப் பதிவு செய்தனர். பதிவிலே பாடியவர் ஜோ. மின்னி கிற்றார் வாசித்தார்.

லெட் செப்பெலின் குழுவினர் அதனை மீண்டும் பதிந்தது ஹம்ப்ஷயர் மாவட்டத்து ஹெட்லி கிறேஞ்ச் என்னும் வீட்டிலே. மாடிப்படியின் அடியில் மத்தளத்தை வைத்து, மேலேயிருந்து ஒலிவாங்கிகளைத் தொங்கவிட்டு எடுத்த அந்த முழக்கம் றொக் ரசிகர் அனைவரும் அறிந்தது. அவர்களிற் பலர் அறியாதது, அவ்வீட்டின் பழங்கதை. 1795இல் அது வறியோர் விடுதியாகக் கட்டப்பட்டது. அநாதைகளையும் நோயாளரையும் முதியோரையும் அடைத்து வேலை வாங்கிய இடம். 1830 நவம்பரில், கூலி போதாமையாலும் தேவாலய வரியின் கொடுமையாலும் கிளர்ந்தெழுந்த விவசாயக் கூலிகள் அவ்விடுதியைத் தாக்கிச் சூறையாடினர். அக்கிளர்ச்சிக்காகச் சிலர் அவுஸ்திரேலியாவுக்கு நாடுகடத்தப்பட்டனர். 1870இல் அது தனியார் மாளிகையாக மாறியது. மிசிசிப்பிக் கூலியின் துயரப்பாட்டு, ஹம்ப்ஷயர்க் கூலி உடைத்த சுவர்களுக்குள் எதிரொலித்தது. பாடியவர்கள் இதனை எண்ணிப் பார்த்தார்களோ என்னவோ. கட்டட வேலைக்காரர் குடும்பத்திற் பிறந்து தச்சுவேலை பழகிய பொன்ஹமின் கைகள் அந்த மத்தளத்தை அடித்தன என்பதை மட்டும் நாம் மறக்க விரும்பவில்லை.

இப்பாட்டுக்கு 1971இலேயே மெம்பிஸ் மின்னியின் பெயர் நால்வரின் பெயரோடு சேர்க்கப்பட்டிருந்தது. பாராட்டத்தக்கதே. ஆனால் பாடிய ஜோவின் பெயர் அங்கே இல்லை. மின்னி அப்போது மெம்பிஸ் நகரத்து முதியோர் பராமரிப்பு நிலையமொன்றில் நோயாளியாயிருந்தார். 1973இல் வறுமையில் இறந்தார். அவரது புதைகுழிக்கு 1996 வரை கல்லும் இல்லை. பாடகி பொனி றெயிற்றின் செலவிலேயே கல் நாட்டப்பட்டது.

நான்காவது இறுவட்டிலே 'நோபடிஸ் ஃபோல்ற் பட் மைன்' இருக்கிறது. அதன் கீழ் பேஜ், பிளான்ற் என்ற இரு பெயர்கள். 1927இல் அதே தலைப்பில் அப்பாட்டைப் பதிவு செய்தவர் ரெக்சாஸ் மாநிலத்துப் பார்வையற்ற தெருப்பாடகர் பிளைன்ட் வில்லி ஜோன்ஸன். 1945இல் அவரது வீடு தீப்பற்றியது. போக்கிடமின்றி எரிந்த சுவர்களுக்கிடையிலேயே படுத்திருந்து காய்ச்சல் கண்டு இறந்தார். 1977இல் வொயேஜர் விண்கலங்களில் ஏற்றி அனுப்பப்பட்ட பொற்றட்டிலே மனிதகுலத்தின் இசையென்று தேர்ந்தெடுக்கப்பட்டவற்றுள் அவருடைய வேறொரு பாட்டும் உண்டு. அது விண்மீன்களுக்கிடையேயான வெளியை அடைந்துவிட்டது. மாணவர் தந்த பெட்டியிலுள்ள சிறு புத்தகத்தை இருமுறை புரட்டினோம். அவரது பாட்டின் கீழ் அவரது பெயரை நாம் காணவில்லை.