மாமன் மகளும் மணிமுடியும்

மரக்காணம் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது உப்பளம்தான். அந்த ஊர் பூமீஸ்வரர் கோயிலில் இருக்கும் சோழர் காலக் கல்வெட்டுகளிலும் உப்பளங்கள் வருகின்றன. உப்பு என்றால் வியாபாரம். வியாபாரம் நடக்க எல்லையில் அமைதி வேண்டும். சோழர்கள் அந்த அமைதியைப் படையால் மட்டும் அல்ல, கல்யாணத்தாலும் வாங்கினார்கள்! அந்தக் கணக்கைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

கிருஷ்ணா, கோதாவரி ஆறுகளுக்கு நடுவே இருந்தது வேங்கி நாடு. ஆண்டவர்கள் கீழைச் சாளுக்கியர்கள். மேற்கே கல்யாணியில் மேலைச் சாளுக்கியர்கள், சோழர்களுக்குப் பரம எதிரிகள். வேங்கி யார் பக்கமோ அவர் கைதான் ஓங்கும். எனவே முதலாம் ராஜராஜன் தன் மகள் குந்தவையை வேங்கி இளவரசன் விமலாதித்தனுக்குக் கொடுத்தான். (வந்தியத்தேவனின் குந்தவை இல்லை, அவர் ராஜராஜனின் அக்கா!)

அதோடு நிற்கவில்லை. குந்தவையின் மகன் ராஜராஜ நரேந்திரன் மணந்தது ராஜேந்திர சோழனின் மகள் அம்மங்கையை. அவர்கள் மகன் மணந்தது இரண்டாம் ராஜேந்திரனின் மகள் மதுராந்தகியை. இரண்டு பேருக்கும் மாமன் மகள்தான். 'சொந்தம் விட்டுப் போகக் கூடாது' என்று நம் வீடுகளில் சொல்வார்களே, அதே கணக்கு. வீட்டில் நிலத்துக்காக, அங்கே நாட்டுக்காக.

பலன் கிடைத்ததா? கிடைத்தது. நரேந்திரனுக்கு அரியணைச் சண்டை வந்தபோது மாமன் படைதான் துணைக்குப் போனது. 

ஆனால் 1070-ல் அதிராஜேந்திர சோழன் இறந்ததும் கணக்கு தலைகீழானது. தஞ்சைக் கிளை முடிந்துபோக, அம்மங்கையின் மகன் சோழ அரியணையில் ஏறினான். அவன்தான் முதலாம் குலோத்துங்கன். சுங்க வரியை நீக்கியதால் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று பெயர் எடுத்தவன். வேங்கியைப் பிடித்து வைக்கப் பெண் கொடுத்தவர்களின் முடி, வேங்கிப் பேரனிடம் போய்விட்டது. எந்த வேங்கிக்காக இவ்வளவும் நடந்ததோ, அதுவும் 1118 வாக்கில் மேலைச் சாளுக்கியர் கைக்குப் போனது.

வணிகவியலில் லாபம், நஷ்டம் இரண்டையும் எழுதச் சொல்லித் தருகிறார்கள். இந்தக் கணக்கில் ஒரு பத்தி விடுபட்டிருக்கிறது. செல்லூர்ச் செப்பேட்டில் குந்தவை, அம்மங்கை, மதுராந்தகி மூவர் பெயரும் உண்டு. இன்னாருடைய மகள், இன்னாருடைய மனைவி, இன்னாருடைய தாய். அவ்வளவுதான். ஒப்பந்தம் போட்டவர்கள் அரசர்கள். அதன்படி ஊர் விட்டு ஊர் போய் வாழ்ந்தவர்கள் இவர்கள்.

ஆதாயத்துக்காகக் கல்யாணம் செய்வது தப்பா என்று கேட்டால், தப்பு என்று சட்டென்று சொல்லிவிட முடியாது. ஆனால் அந்த ஆதாயம் யாருக்கு என்று முதலில் கேட்டுவிட வேண்டும். கல்யாணப் பேச்சு நடக்கும் எந்த வீட்டிலும் இன்றைக்கும் கேட்க வேண்டிய கேள்வி அது.