டுரியான் பழமும் பத்துமலை வௌவாலும்

பால்மரங்கள் இலையுதிர்க்கும் வறண்ட நாட்களை ஒட்டித்தான் டுரியான் மரங்களும் பெரும்பாலும் பூக்கின்றன. மூன்று நான்கு மாதங்கள் சென்றால், ஜூன் முதல் ஆகஸ்டு வரையில், பழுத்த பழம் தானாகவே மரத்திலிருந்து விழுகிறது. விழுந்ததை அன்றே பிளந்து, சுளையை விரலால் எடுத்து மரத்தடியிலேயே உண்ணும் இன்பம் இருக்கிறதே, அது பருவத்தில் மட்டும் கிட்டுவது.

அயல்நாட்டார் இப்பழத்தை அறிந்து நெடுங்காலம் ஆகிறது. 15ஆம் நூற்றாண்டில் சுமத்திராவுக்கு வந்த வெனிஸ் வணிகர் நிக்கோலோ கோன்டி இதைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். 1854 முதல் 1862 வரை இத்தீவுகளில் சுற்றிய ஆங்கில இயற்கை ஆய்வாளர் ஆல்பிரட் ரசல் வாலஸ், மலாக்காவில் முதலில் இதை உண்ண முயன்றபோது வாடை தாளாமல் விட்டுவிட்டார். பின்னர் போர்னியோவில், தரையில் கிடந்த பழம் ஒன்றை வெட்டவெளியில் உண்டார். உடனே டுரியான் பிரியராகிவிட்டார். 1869இல் வெளியான தமது நூலில் அதை வானளாவப் புகழ்ந்தார். "வாசலிலேயே தின்றுவிட்டு வா" என்று அதட்டும் நம் வீட்டுப் பெரியவர்களும் அவர் கட்சிதான் போலும்!

இனி, பழத்துக்கு முந்திய கதைக்கு வருவோம். டுரியான் பூ மாலையில் விரிந்து, விடிவதற்குள் இதழ் கொட்டிவிடும். பெரும்பாலான மரங்களுக்குத் தம் சொந்த மகரந்தம் பயன்படாது. வேறு மரத்தினுடையது வந்து சேர வேண்டும். இருட்டில் அதைக் கொண்டுவருபவர் யார்? தைப்பூசத்திற்கு நாம் படியேறும் பத்துமலையின் குகைகளில் தங்கும் சிறிய தேனுண்ணி வௌவால்களே!

1970களில் அவற்றின் உணவை ஆராய்ந்தார்கள். டுரியான், பெத்தாய் ஆகியவற்றின் மகரந்தத்தோடு, கடலோரச் சதுப்புக் காட்டு மரங்களின் மகரந்தமும் அதில் இருந்தது. டுரியான் பூப்பது சில வாரங்களே. மற்ற மாதங்களில் இந்த வௌவால்கள் பல மைல் பறந்து சென்று கடலோரப் பூக்களையும் நாடுகின்றன. ஆகவே, கடலோரக் காட்டை வெட்டினாலும் குகையை உடைத்தாலும் உள்நாட்டு டுரியான் மரத்தில் காய் குறையும்.

பழந்தின்னும் பெரிய வௌவாலுக்கோ பூவை நாசமாக்கும் பிராணி என்ற கெட்ட பெயர். தியோமான் தீவில் டுரியான் மரங்களில் கேமரா பொருத்திச் செய்த ஆய்வு 2017இல் வெளிவந்தது. அவை பூவைச் சிதைக்காமல் தேனை மட்டும் நக்கிச் சென்றன. அந்தப் பூக்கள் காயாகவும் மாறின.